பிஸ்மில்லாஹ் முதல் பால்வாடி வரை: பிள்ளையைப் பள்ளியில் விடும் முதல் நாள்

ஜூன் பிறந்ததும் கம்பம் பள்ளத்தாக்கில் தென்மேற்குக் காற்று இறங்கும், குமுளி மலைப் பக்கத்துச் சாரல் கூடலூரையும் கம்பத்தையும் நனைக்கும், பள்ளிக்கூடங்களும் திறக்கும். அந்த வாரத்தில் உத்தமபாளையத்திலோ சின்னமனூரிலோ பெரியகுளத்திலோ காலை ஒன்பது மணிக்கு ஒரு மழலையர் பள்ளியின் வாசலைக் கடந்து செல்வோர் கேட்கும் ஓசை ஒன்றுதான். உள்ளே மூன்று வயதுப் பிள்ளைகள் அழுகின்றன. வெளியே தாய்மார் சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போகவும் மனமின்றி நிற்கவும் வழியின்றித் தவிக்கின்றனர்.

இந்த அழுகையைக் கையாள நம் வீடுகளில் ஒரு வழி சொல்லித் தரப்படுகிறது. பிள்ளையின் கவனத்தை ஒரு பொம்மையின் பக்கம் திருப்பிவிட்டு, அது திரும்பிப் பார்ப்பதற்குள் நழுவிவிட வேண்டும். பிள்ளை கேட்டுவிட்டால், மிட்டாய் வாங்கி வருவதாகவோ இதோ வந்துவிடுவதாகவோ சொல்லிவிட்டுப் புறப்பட வேண்டும். இரண்டு நாள் அழும், பிறகு சரியாகிவிடும் என்பது பெரியவர்களின் தேறுதல். சரியாகிவிடுவது உண்மைதான். ஆனால் நம் முன்னோர் காலத்தில் அந்த முதல் நாள் எங்கே, எவ்வாறு நிகழ்ந்தது என்று பின்னோக்கிப் பார்த்தால், நாம் பழைய வழக்கமென எண்ணியிருக்கும் இந்த நழுவல் அவ்வளவு பழையதன்று என்பது புலப்படும். அக்காலத்தில் கல்வியின் முதல் நாள் பிள்ளையின் வீட்டிலேயே நடந்தது. பள்ளிதான் பிள்ளையைத் தேடி வந்தது.

சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ, 1822-இல் மாகாணத்தின் நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். மாவட்ட ஆட்சியர்கள் அனுப்பிய அறிக்கைகளைத் தொகுத்தபோது 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவர்களும் இருப்பது தெரிய வந்தது. நம் பள்ளத்தாக்கு அன்று மதுரை ஆட்சியரின் எல்லைக்குள் அடங்கியிருந்தது. அந்த அறிக்கைகளுள் மிக விரிவானது பெல்லாரி ஆட்சியர் கேம்பெல் 1823-இல் எழுதியது. ஒரு பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்ததும் ஆசிரியரும் அவரிடம் படிக்கும் மாணவர்கள் அனைவரும் அப்பிள்ளையின் வீட்டுக்கு அழைக்கப்படுவர் என்று அவர் குறிப்பிடுகிறார். எல்லாரும் வட்டமாக அமர்வர். ஆசிரியர் புதுப் பிள்ளையின் அருகில் அமர்ந்து, அதன் விரலைப் பிடித்துப் பரப்பிய அரிசியில் எழுத வைப்பார். மறுநாள்தான் பிள்ளை பள்ளிக்குப் போகும். அங்கே நடந்த வழிபாடு அவர்களுடைய சமயத்தைச் சார்ந்தது. நாம் இங்கே நோக்குவது அதன் ஒழுங்கை மட்டுமே. பிள்ளை தன் தாயின் கண்ணெதிரே, தான் தவழ்ந்த தரையிலேயே, ஆசிரியரின் முகத்தையும் நாளை தன்னோடு அமரப்போகும் பிள்ளைகளின் முகங்களையும் கண்டு பழகிவிடுகிறது.

அப்பள்ளிகளைப் பொற்காலமாக வருணிப்பதில் நமக்கு உடன்பாடு இல்லை. அதே கேம்பெல், காலையில் முதலாவதாக வரும் மாணவனுக்கு மரியாதையும், மூன்றாவதாக வருபவனுக்கு ஓர் அடியும், நான்காமவனுக்கு இரண்டடியும், பின்னர் வருவோருக்கு ஒவ்வொன்றாகக் கூடுதலாகவும் கிடைக்கும் என்றும் எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளையின் அதிகாரமும் கோதண்டத் தண்டனையும் இருந்தன. பெண்பிள்ளைகளும் ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளும் பெரும்பாலும் அத்திண்ணையில் ஏறவே இல்லை. எனினும் முதல் நாளைப் பிள்ளையின் வீட்டில் தொடங்கிய அறிவு கவனிக்கத்தக்கது.

நம்மிடையே அதற்கு ஈடாக இருந்தது பிஸ்மில்லாஹ் ஓதி வைக்கும் வழக்கம். நான்கு ஆண்டு, நான்கு மாதம், நான்கு நாள் நிறைந்த பிள்ளைக்குப் புத்தாடை உடுத்தி, உற்றார் உறவினரைக் கூட்டி, உஸ்தாதை வீட்டுக்கு அழைத்து, அவர் வாயால் பிஸ்மில்லாஹ்வும் இக்ரஉ எனத் தொடங்கும் வசனங்களும் சொல்லிக் கொடுக்கப்படும். தக்காணத்து முஸ்லிம்களின் பழக்கவழக்கங்களை விரிவாகப் பதிவு செய்த ஜாஃபர் ஷரீஃபின் நூல், ஹெர்க்லாட்ஸ் என்னும் மருத்துவரின் மொழிபெயர்ப்பில் 1832-இல் இலண்டனில் வெளிவந்தது. அதில் இச்சடங்கு விளக்கமாக இடம்பெற்றுள்ளது. நாலு நாலு நாலு என்ற இந்தக் கணக்குக்குக் குர்ஆனிலோ ஹதீஸிலோ ஆதாரம் கிடையாது. இதை சுன்னத் என்று கொள்வதும், கடன் வாங்கி விருந்து வைப்பதும் தவறு என்று ஆலிம்கள் எடுத்துரைத்தது சரியே. ஆனால் அந்த ஆடம்பரத்தை நீக்கியபோது, அதனோடு சேர்ந்து வேறொன்றையும் நாம் நீக்கிவிட்டோம். அத்தாவின் மடியில் அமர்ந்தபடி, அம்மா பார்த்திருக்க, தன் வீட்டுப் பாயில் ஆசிரியரை முதன்முதலாகச் சந்திக்கும் வாய்ப்பு நம் பிள்ளைகளில் பலருக்கு இன்று இல்லை.

இச்சடங்கின் வரலாற்றில் மிகவும் பெயர் பெற்ற பிள்ளை அக்பர். காபூலில் 1547-இல் அவருக்குப் பிஸ்மில்லாஹ் ஓதி வைக்கத் தந்தை ஹுமாயூன் ஏற்பாடு செய்தார். சோதிடத்தில் மிகுந்த நாட்டம் கொண்ட ஹுமாயூன், நல்ல நேரத்தைத் துல்லியமாகக் கணித்து வைத்திருந்தார். நேரம் வந்தது, பிள்ளையைக் காணவில்லை. விளையாடப் போய் எங்கோ மறைந்துகொண்ட இளவரசரை எவ்வளவு தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. அக்பர்நாமாவை எழுதிய அபுல் ஃபஸல், இதில் ஆழ்ந்த தெய்விக இரகசியம் ஒன்று இருப்பதாக விளக்கம் தருகிறார். அரசவை வரலாற்றாசிரியருக்கு வேறு வழியில்லை. நமக்கோ, நான்கு வயதுப் பிள்ளை பள்ளிக்குப் பயந்து ஒளிந்ததற்கு அத்தனை பெரிய விளக்கம் தேவைப்படவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஹுமாயூன் 1543-இல் பாரசீகத்துக்குத் தப்பிச் சென்றபோது, ஒரு வயதேயான அக்பர் பெற்றோரைப் பிரிந்து சிற்றப்பன் அஸ்கரியின் கைக்குப் போனார். தாய் ஹமீதா பானுவிடம் பின்னரே திரும்பி வந்தார். பெண்கள் பலர் நடுவே நின்ற தாயைக் குழந்தை தானே அடையாளம் கண்டு அவர் மடியில் சேர்ந்தது என்று அக்காலத்து வரலாறு கூறுகிறது. அவ்வாறு ஒரு முறை தாயை இழந்து மீண்டும் பெற்ற பிள்ளை, ஓரிரு ஆண்டு கழித்துப் புதியவர் ஒருவரிடம் ஒப்படைக்கப்படும் நாளில் ஒளிந்துகொண்டது வியப்பன்று என்பது நம் கருத்து. இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை, நீண்ட காலம் மருத்துவமனையில் இருந்து வந்த பிள்ளை, அத்தா வெளிநாடு போன சில வாரங்களிலேயே பள்ளியில் சேர்க்கப்படும் பிள்ளை ஆகியோர் மற்றவர்களைவிட அதிகம் அழுவதற்கும் இதுவே காரணமாகலாம். அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று சொல்வது எளிது.

இவ்விடத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கையை நோக்குவோம். தொழுகையை நீட்டித் தொழ வேண்டும் என்ற எண்ணத்தோடு தாம் நிற்பதாகவும், ஒரு குழந்தையின் அழுகை காதில் விழுந்தால் அதன் தாய்க்கு ஏற்படும் வேதனையை நினைத்துத் தொழுகையைச் சுருக்கிக்கொள்வதாகவும் நபியவர்கள் கூறியதை அபூ கத்தாதா (ரலி), அனஸ் (ரலி) ஆகியோர் வழியாக புகாரியில் காண்கிறோம். இமாமாக நின்று தொழவைக்கும் நிலையிலும் அந்த அழுகை அவர்களுடைய செவிக்கு எட்டியது. எட்டியதோடு நில்லாமல், ஜமாஅத் முழுவதன் தொழுகை நேரத்தையும் மாற்றியது. குழந்தையின் அழுகையோடு தாயின் வேதனையும் அங்கே கணக்கில் கொள்ளப்பட்டது. பள்ளி வாசலில் நின்று கலங்கும் தாயைப் பார்த்து நகைப்போர் இந்த ஹதீஸை ஒரு முறை நினைத்துப் பார்ப்பது நன்று.

அனஸ் (ரலி) அவர்களின் வரலாறும் நமக்கு உதவும். அவருடைய தாயார் உம்மு ஸுலைம் (ரலி), பத்து வயதளவில் மகனை நபியவர்களிடம் பணிவிடைக்காக ஒப்படைத்தார்கள். ஒப்படைத்ததோடு தொடர்பு அறுந்துவிடவில்லை. நபியவர்கள் அந்த வீட்டுக்கு வந்து போனார்கள். அங்கே உணவருந்தினார்கள், தொழுதார்கள். அனஸின் குட்டித் தம்பி அபூ உமைரோடு விளையாட்டாகப் பேசினார்கள். அபூ உமைர் வளர்த்த சிறு குருவி இறந்துபோய்ப் பிள்ளை வாடியிருந்தபோது, அந்தக் குருவியைப் பற்றியே அவனிடம் கேட்டார்கள். குருவிதானே, வேறொன்று வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லி அந்தத் துயரத்தை அவர்கள் தள்ளிவிடவில்லை. பிள்ளை யாரிடம் பயில்கிறதோ அவர் பிள்ளையின் வீட்டை அறிந்திருப்பது, திண்ணைப் பள்ளிக்கும் பிஸ்மில்லாஹ் சடங்குக்கும் பல நூற்றாண்டுகள் முன்பே மதீனாவில் நடைமுறையாக இருந்தது.

நழுவிப் போவதைப் பற்றி நேரடியாகவே பேசும் ஒரு நிகழ்ச்சியும் உண்டு. அபூதாவூதில் அப்துல்லாஹ் பின் ஆமிர் (ரலி) தம் சிறுவயது அனுபவமாக இதைக் கூறுகிறார். நபியவர்கள் அவர்கள் வீட்டில் அமர்ந்திருந்த வேளையில், தாயார் ஏதோ தருவதாகச் சொல்லி அவரை அழைத்தார். என்ன தர எண்ணினாய் என்று நபியவர்கள் அத்தாயிடம் வினவினார்கள். பேரீச்சம்பழம் தர இருந்ததாக அவர் சொன்னார். ஒன்றும் தராமல் விட்டிருந்தால் அது உன்மீது ஒரு பொய்யாகப் பதியப்பட்டிருக்கும் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். மிட்டாய் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு மாலை மூன்றரை மணிக்கு வருவது எந்தக் கணக்கில் சேரும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. சிறு பிள்ளைக்குச் சொன்ன சொல்லும் சொல்தான். அப்பொய்யால் பிள்ளை அறிந்துகொள்வது இது: அம்மா எந்த நொடியிலும் மறைந்து போகக்கூடியவள். அதன் பிறகு அது வீட்டிலும் தாயின் சேலையை விடாது. கழிப்பறை வரையில் பின்தொடரும். இரவில் எழுந்து தொட்டுப் பார்க்கும்.

பிள்ளை வீட்டிலிருந்து பள்ளி வாசலுக்கு அந்த முதல் நாள் எப்போது இடம் மாறியது? நம் பள்ளத்தாக்கில் அதற்கு விடை தேடினால் வயலும் மலையும்தான் முன்னால் வருகின்றன. முல்லைப் பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்டபின் நீர் வற்றாது வந்தது. கம்பம் பள்ளத்தாக்கு இருபோக நெல் விளையும் பூமியானது. நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்கள் விடியலில் புறப்பட்டனர். மேலே மலையில் ஏலத்தோட்டங்கள் பெருகின. இன்றைக்கும் இருள் பிரியுமுன் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்புகள் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கியின் தோட்டங்களுக்கு ஏறுகின்றன. அந்த ஜீப்புகளில் போகும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு, பள்ளியில் சேரும் நாளுக்கு வெகு முன்பே பிரிவு பழகிவிடுகிறது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், பெண் தொழிலாளர் அதிகமுள்ள தோட்டங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று விதித்தது. நாள்தோறும் கீழிருந்து ஏறி இறங்கும் தாய் பிள்ளையை வீட்டில் பாட்டியிடம் விட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

அவர்களுக்குக் கை கொடுத்தது பால்வாடி. இச்சொல்லின் முதற்பகுதி பால் அன்று. வடமொழி வழி வந்த, குழந்தை என்று பொருள்படும் சொல். ஆனால் கஞ்சியும் சத்துமாவும் கிடைக்கும் இடத்தை நம் மக்கள் பாலோடு சேர்த்துப் புரிந்துகொண்டதில் ஓர் அழகு இருக்கிறது. அங்கன்வாடி என்ற சொல்லின் வரலாறு இதைவிடச் சுவையானது. அங்கன் என்றால் முற்றம். மகாராஷ்டிரத்தில் தாராபாய் மோடக், 1945-இல் போர்டியில் தொடங்கிய பணியில், பழங்குடிப் பிள்ளைகள் பள்ளிக்கு வரத் தயங்கியபோது, அனுதாய் வாகுடன் சேர்ந்து பள்ளியையே அவர்களுடைய குடியிருப்பின் முற்றத்துக்குக் கொண்டு போனார். பிள்ளை வராவிட்டால் பள்ளி போகட்டும் என்ற அதே பழைய அறிவு. அந்தப் பெயரைத்தான் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1 முதல் சத்துணவுத் திட்டம் சிற்றூர்களின் இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளையும் உள்ளடக்கியது.

நம் சிற்றூர்களின் அங்கன்வாடியில் முதல் நாள் அழுகை குறைவாக இருப்பதைப் பலரும் கண்டிருப்போம். காரணம் எளிது. ஆயா பெரும்பாலும் அதே தெருவைச் சேர்ந்தவர். பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவரைப் பார்த்திருக்கிறது. அக்காளோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ முன்பே அங்கே இருக்கிறது. தாய் வந்து எட்டிப் பார்த்துப் போனாலும் யாரும் கேள்வி கேட்பதில்லை. கதவு பெரும்பாலும் திறந்தே கிடக்கிறது. நகரங்களில் ஆங்கில வழி மழலையர் பள்ளிகள் பெருகி, வாசலுக்கு வேன் வந்து நின்ற பிறகுதான், மூன்று வயதுப் பிள்ளை ஒரே நாளில் முன்பின் அறியாத வண்டியில், முன்பின் அறியாதவர்களோடு, முன்பின் அறியாத கட்டடத்துக்குப் போகும் நிலை வந்தது. கல்விக்காக நம் சமுதாயம் இப்பள்ளத்தாக்கில் செய்த பணி சிறியதன்று. உத்தமபாளையத்தில் 1956-இல் ஹாஜி கருத்த ராவுத்தர் பெயரோடு எழுந்த கல்லூரி அதற்குச் சான்று. கல்லூரி வாசலைப் பற்றிச் சிந்தித்த அளவுக்கு மழலையரின் வாசலைப் பற்றி நாம் சிந்திக்கவில்லை என்பதும் உண்மை.

இப்பொழுது பள்ளத்தாக்கின் வடபுறத்து மலையை நிமிர்ந்து பார்ப்போம். பெரியகுளத்துக்கு மேலே நிற்கும் கொடைக்கானல் அது. வத்தலக்குண்டு வழியாக மோட்டார் சாலை வருமுன், வெள்ளையர்கள் பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்துதான் மலைப்பாதையில் அங்கே ஏறினர். அந்த மலையூரில் 1942 முதல் 1944 வரை, உலகெங்கும் மழலையர் கல்வியின் போக்கை மாற்றிய ஒருவர் வாழ்ந்தார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. இத்தாலிய மருத்துவரான மரியா மாண்டிசோரிதான் அவர்.

அவருடைய முதல் குழந்தைகள் இல்லம் 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் திறக்கப்பட்டது. அன்று வந்த ஏறத்தாழ ஐம்பது பிள்ளைகளும் அழுதுகொண்டும் அஞ்சிக்கொண்டும் இருந்ததாக அவரே பின்னர் எழுதினார். ஆனால் அந்த இல்லம் அப்பிள்ளைகள் வாழ்ந்த அடுக்கு வீட்டுக் கட்டடத்துக்குள்ளேயே இருந்தது. தாய்மார் எந்நேரமும் வந்து பார்க்கலாம் என்பது அதன் விதிகளுள் ஒன்று. வீட்டுக்குள் பள்ளி என்ற கருத்தில்தான் அவருடைய கல்விமுறை பிறந்தது. இன்று அவர் பெயரைப் பலகையில் எழுதி வைத்துக்கொண்டு, பெற்றோரைக் கதவுக்கு அப்பால் நிறுத்தும் பள்ளிகளைப் பார்க்கையில் சிரிப்பு வருகிறது.

பிரிவு என்பது அவருக்கு ஏட்டுப் பாடம் அன்று. திருமணம் நடவாத நிலையில் 1898-இல் பிறந்த மகன் மரியோவை, அன்றைய சமூகத்துக்கு அஞ்சி, நாட்டுப்புறக் குடும்பம் ஒன்றில் வளர விட்டார். இடையிடையே போய்ப் பார்த்து வந்தார்; தாய் என்று சொல்லிக்கொள்ளவில்லை. பதின்ம வயதில் மகன் அவரோடு வந்து சேர்ந்த பிறகும், நெடுங்காலம் உலகின் முன் உறவினர் என்றே அறிமுகப்படுத்தினார். இருவரும் 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாற்றுக்கு வந்து முந்நூறு பேர் அளவில் பங்கேற்ற ஆசிரியர் பயிற்சியை நடத்தினர். அடுத்த ஆண்டு ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. பிரிட்டிஷ் அரசு இருவரையும் பகை நாட்டவர் என்று கருதி, மரியோவைத் தடுப்பு முகாமுக்கு அனுப்பியது. தாயை அடையாற்றின் எல்லைக்குள் நிறுத்தியது. தாயின் எழுபதாவது பிறந்த நாளான 1940 ஆகஸ்ட் 31-ஐ ஒட்டி, அவருக்குரிய பரிசாக மகனை வைசிராய் விடுவித்தார். அந்தச் செய்தி மரியோவை மகன் என்றே குறிப்பிட்டது. பிறகு வெயில் தாங்காமல் கொடைக்கானலுக்குப் போனார்கள். அங்கே இலங்கையைச் சேர்ந்த லேனா விக்ரமரத்னவின் துணையோடு சிறு பள்ளி ஒன்று நடந்தது. சிறியோரும் பெரியோருமாகப் பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாகப் படித்தனர்.

இரண்டு நாளில் சரியாகிவிடும் என்ற சொல்லுக்கு இனி வருவோம். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1952-இல் இலண்டனில் ஒரு படம் எடுத்தார். இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி எட்டு நாள் மருத்துவமனையில் தாயின்றி இருக்கிறாள். பெற்றோர் தங்குவதற்கு அன்றைய மருத்துவமனைகளில் இடமில்லை. அவள் ஓலமிடவில்லை, பெரும்பாலும் அமைதியாகவே இருக்கிறாள். அந்த அமைதியைத்தான் அன்றைய மருத்துவர்களும் செவிலியரும் பழகிவிட்டாள் என்று எண்ணி வந்தனர். அது நம்பிக்கை இழந்த அமைதி என்பதைப் படம் காட்டியது. முதலில் மருத்துவர்கள் சினந்தனர். 1959-இல் அரசுக் குழு ஒன்று, நோயுற்ற பிள்ளையைப் பெற்றோர் தடையின்றிப் பார்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஓரிரு மணி நேரப் பள்ளியும் எட்டு நாள் மருத்துவமனையும் ஒன்றல்ல. எனினும் அழுகை நின்றதைக் கொண்டு மட்டும் பிள்ளை பழகிவிட்டதாகக் கொள்ள முடியாது. பிள்ளை உண்கிறதா, விளையாடுகிறதா, வலித்தால் ஆசிரியையிடம் ஓடுகிறதா என்பவையே பார்க்க வேண்டியவை.

ஜெர்மனியின் பெர்லின் நகரில் 1980-களில் வகுக்கப்பட்ட ஒரு முறை இன்று அந்நாடெங்கும் பரவியிருக்கிறது. முதல் மூன்று நாளும் தாயோ தந்தையோ பிள்ளையுடன் வகுப்பறையிலேயே அமர்ந்திருப்பார். சிறிது நேரமே இருந்துவிட்டு இருவரும் சேர்ந்தே வீடு திரும்புவர். நான்காம் நாள்தான் சொல்லிக்கொண்டு சில நிமிடம் வெளியே போவார். ஆசிரியை ஆறுதல் சொல்லிப் பிள்ளை ஆறுதல் அடைந்தால் அந்நேரம் படிப்படியாக நீளும். அடையாவிட்டால் இன்னும் சில நாள் உடனிருப்பு. புதிதாகக் கண்டது போலத் தோன்றினாலும், பாயில் அமர்ந்து பிஸ்மில்லாஹ் ஓதிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாகப் படாது.

நம்மால் என்ன இயலும்? பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரத்தில் பிள்ளையை ஒரு மாலை அங்கே அழைத்துப் போய், ஊஞ்சலையும் குடிநீர்க் குழாயையும் கழிப்பறையையும் காட்டலாம். ஆசிரியையை ஒரு முறை வீட்டுக்குத் தேநீர் அருந்த அழைக்கலாம். நம் ஊர்களில் வர மறுப்போர் குறைவு. பத்துப் பெற்றோர் சேர்ந்து சென்று, முதல் மூன்று நாள் தாய்மார் உள்ளே அமர அனுமதி கேட்டால், எந்த நிர்வாகமும் ஒற்றைத் தாயை மறுப்பது போல எளிதில் மறுக்காது. வீட்டில் பிள்ளை குறும்பு செய்யும்போதெல்லாம், இரு, டீச்சரிடம் சொல்கிறேன் என்று மிரட்டுவதை அந்த மே மாதத்திலேனும் நிறுத்த வேண்டும். நாமே பூச்சாண்டியாக்கி வைத்த ஒருவரிடம் பிள்ளையைப் புன்னகையோடு போகச் சொல்வது நியாயமன்று.

இதே பேச்சு ஹஜ்ரத்தைப் பற்றியும் நம் வீடுகளில் நடக்கிறது. மக்தபில் பிரம்பு இருந்த காலத்தை நம் தலைமுறை மறக்கவில்லை. இப்னு கல்தூன் 1377-இல் எழுதிய முகத்திமாவில், சிறு பிள்ளைகளிடம் கடுமை காட்டினால் அவர்கள் பொய்யும் பாசாங்கும் கற்பார்கள், உள்ளம் சுருங்கிவிடும் என்று எச்சரித்திருக்கிறார். இமாம் கஸ்ஸாலியும், பாடம் முடிந்த பிள்ளையை விளையாட விடாவிட்டால் அதன் உள்ளம் மடிந்துவிடும் என்றார். தொழுகையை ஏவுவதற்கே ஏழு வயது வரை காத்திருக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. மூன்றரை வயதில் எழுத்தெழுதவில்லை என்பதற்காக விரலைத் தட்டுவதற்கு இதில் இடமில்லை.

முதல் நாள் காலையில், போகும்போது சொல்லிக்கொண்டுதான் போக வேண்டும். சொன்னால் அழுமே என்பர். அழட்டும், அந்த அழுகைக்கு ஆசிரியையின் மடி இருக்கிறது. மணி பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு மூன்றரை மணி என்பது பொருளற்ற சொல். சோறு உண்டு முடிந்ததும் வருவேன், லுஹர் பாங்கு கேட்டதும் வருவேன் என்றால் புரியும். நம் ஊர்களில் பாங்கொலி எட்டாத வகுப்பறை குறைவு. சொன்னபடி அந்நேரத்தில் வாசலில் நிற்க வேண்டும். முதல் வாரத்தில் ஐந்து நிமிடத் தாமதமும் பெரிது. பிரியும்போது ஸலாம் சொல்லிப் பதில் ஸலாம் வாங்கிக்கொள்வது, பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு விடைபெறல். அம்மாவின் கைக்குட்டை ஒன்றைப் பையில் வைத்தனுப்புவதில் தவறில்லை. ஆண்பிள்ளை அழலாமா என்று கேட்காதிருப்பது நலம். தம் மகன் இப்ராஹீம் மரணித்தபோது நபி (ஸல்) அவர்களின் கண்கள் கலங்கின.

ஏலத்தோட்டத்துக்கு விடியலில் ஜீப் ஏறும் தாய்க்கு இவற்றுள் பல இயலாது. அவர் வீட்டில் பாட்டியோ அக்காளோ விடைபெறுவார்; அந்த ஒருவரே நாள்தோறும் விடுவதும் அழைப்பதுமாக இருந்தால் போதும். முதல் மூன்று நாள் கூலியை இழக்க முடியாத குடும்பத்துக்கு, அந்நாட்களில் பக்கத்து வீட்டார் ஒருவர் வகுப்பில் அமர்வதும் ஜமாஅத்தின் உதவிகளுள் ஒன்றாகலாம்.

இன்னும் ஒரு செய்தி. ஹஜ்ஜுப் பெருநாள் 2024-இல் ஜூன் 17 அன்றும், 2025-இல் ஜூன் 7 அன்றும் வந்தது. இரண்டு ஆண்டுகளிலும் பள்ளி திறந்து ஒரு வாரத்துக்கு மேல் ஓடியிருக்கவில்லை. பெருநாளுக்கு வீடு நிறைய உறவினர், புத்தாடை, பிரியாணி, அத்தாவும் ஊரில். அது முடிந்த மறுநாள் காலையில், பழகிவிட்டதாக நாம் எண்ணிய பிள்ளை வாசலில் மீண்டும் அழும். அன்றைக்கும் முதல் நாளைப் போலவே சிறிது நேரம் உள்ளே அமர்ந்திருந்து, சொல்லிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.